அதிவேக ரயிலும் கிராமவாசியின் ஆட்சேபமும்

மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே நிர்மாணமாகிவரும் 508 கிலோமீட்டர் நீளமுள்ள அதிவேக ரயில்பாதையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பத்திரிகைத் தலையங்கங்களிலும், பொருளாதாரம் கற்றவர்களின் மேடைகளிலும், ரயில் வண்டியில் எதிரே அமர்ந்திருக்கும் சாமானியப் பிரயாணியின் வாக்கிலும் ஒரே அபிப்பிராயம் ஒலிக்கக் கேட்கிறோம். 2017 செப்டம்பர் 14-ஆம் தேதி சபர்மதியில் நமது பிரதமரும் ஜப்பானியப் பிரதமர் ஷின்ஸோ ஆபேயும் சேர்ந்து அடிக்கல் நாட்டிய அந்த மகத்தான காரியம், 2022-இலேயே நிறைவேறிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டும் நிறைவேறாமற் போனதற்கு, வழியிலுள்ள கிராமத்தார் நிலத்தை விட மறுத்ததுதான் காரணம் என்பது அந்த அபிப்பிராயம். ஜப்பானியர் தங்கள் முதல் அதிவேகப் பாதையை ஐந்தே ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதும், ஒவ்வொரு குடியானவனின் சம்மதத்துக்காகவும் காத்துக்கொண்டிருக்கும் தேசம் எக்காலத்தும் முன்னேறாது என்பதும் அதற்கு அனுபந்தங்களாகச் சேர்க்கப்படுகின்றன. இந்த அபிப்பிராயம் சரித்திரத்துக்கு விரோதமானது; ரயில்பாதை நிர்மாணத்தின் நடைமுறைக்கும் விரோதமானது. அதிவேக ரயில் வேண்டாம் என்பவர்களில் நான் ஒருவனல்லேன். வேண்டும் என்று கருதுகிறவன் என்ற முறையிலேயே, அது செல்லவிருக்கும் கிராமத்தை முன்கூட்டி ஆயத்தப்படுத்துவது வேலைக்கு நேரும் இடையூறு என்று எண்ணாமல், வேலையின் முதற்பாதி என்றே கொள்ள வேண்டும் என்று வாதிக்கிறேன்.

முதலில் தாமதத்தின் கணக்கைப் பார்ப்போம். பாதையில் 348 கிலோமீட்டர் குஜராத்தில் இருக்கிறது. 156 கிலோமீட்டர் மகாராஷ்டிரத்தில். எஞ்சிய நான்கு கிலோமீட்டர் தாத்ரா நகர் ஹவேலியில். மகாராஷ்டிரத்தில் நிலமெடுப்பு வெகு மந்தமாக நடந்தது என்பது மெய். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மந்தத்துக்கு யார் காரணம் என்று பார்க்கப் புகுந்தால், குடியானவனின் முகம் மட்டுமே அங்கே தென்படுவதில்லை. மும்பையில் பாதாள நிலையம் அமையவேண்டிய பாந்த்ரா-குர்லா வளாகத்து மனை எந்த உழவனுக்கும் சொந்தமானதன்று. ஒரு சர்க்கார் அதிகார அமைப்பின் கையில் இருந்த அம்மனை, ராஜ்ய சர்க்காரின் மனம் ஒப்பாமையால் பல ஆண்டுகள் கைமாறாமல் கிடந்து, 2022-இல் ஆட்சி மாறிய பிறகே கிடைத்தது. விக்ரோளியில் நிலத்துக்காக நீதிமன்றம் சென்று 2023 பிப்ரவரி வரையில் வழக்காடியது ஒரு மாபெரும் தொழில் நிறுவனம். நிலம் முழுவதும் கிடைத்துவிட்டது என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் ஒன்றரை ஆண்டு கழிந்து, 2025 ஆகஸ்டிலும், இப்பாதையில் ஓடவேண்டிய ஜப்பானிய வண்டியின் புதிய வகை அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில்தான் வரும் என்றுதான் இரு தேசங்களும் பேசிக்கொண்டிருந்தன. நிலம் வெகு முன்னதாகவே பெரும்பாலும் கைக்கு வந்துவிட்ட குஜராத்திலும் ரயில் ஓடத் தொடங்கவில்லை. தாமதத்தின் முழுப் பழியையும் வாரலி ஆதிவாசியின் குடிசை வாசலில் கொண்டுபோய் இறக்குகிறவர்கள் இந்தக் காலக்கிரமத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

இனி, அந்தக் குடிசை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். விவாதத்தின் மர்மஸ்தானம் அங்கேதான் இருக்கிறது. 2014-இல் தாணே ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்ட பால்கர் ஜில்லாவின் தலாசரி, தஹாணு, பால்கர், வசாய் தாலுக்காக்கள் வழியே பாதை செல்கிறது. தலாசரியும் தஹாணுவும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைக்குட்பட்ட ஆதிவாசிப் பிரதேசங்கள்; அங்கே நிலத்தை எடுக்குமுன் கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. தஹாணு தாலுக்கா 1991 முதல் சுற்றுச்சூழல் ரீதியில் நொய்ந்த பிரதேசம் என்று அறிவிக்கப்பட்டது. சப்போட்டாத் தோப்புகளுக்குப் பேர்போனது. அங்குள்ள கோல்வட் சப்போட்டா புவிசார் குறியீடு பெற்றது. இவற்றையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 1945-இல் இதே தலாசரி, உம்பர்காவ் வட்டாரத்தில்தான், விவசாயிகள் இயக்கத் தலைவி கோதாவரி பருலேகரின் துணையுடன் வாரலிகள் கொத்தடிமை முறையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். கல்யாணச் செலவுக்காக மிராசுதாரிடம் கடன்பட்ட ஏழை, தானும் தன் மனைவியுமாக ஆயுட்காலம் முழுவதும் அவனுடைய நிலத்தில் கூலியின்றி உழைத்துக் கழிக்கவேண்டிய கொடுமை அக்காலத்தில் அங்கே நிலவியது. அந்த நுகத்தடியை உதறிய பின், குத்தகைச் சட்டங்களாலும் வன உரிமைச் சட்டத்தாலும் சிறுகச் சிறுகத் தன் பெயருக்கு வந்த ஓர் ஏக்கரை, அரை ஏக்கரை, அவனுடைய பேரன் எவ்வாறு நோக்குவான் என்று நகரவாசி ஊகித்துப் பார்க்க வேண்டும். சந்தையில் ஒரு பொருளுக்கு விலை பேசுவதுபோல் அந்த நிலத்துக்கு அவன் விலை பேசுவான் என்று எதிர்பார்ப்பது, அவன் குலத்தின் சரித்திரத்தை அறியாதவர்களுக்கே சாத்தியம்.

போதாக்குறைக்கு, இந்த ரயில்பாதை பால்கருக்கு வந்த முதல் அபிவிருத்தித் திட்டமும் அன்று. 1969-இல் தாராப்பூரில் அணுமின் நிலையம் வந்தது. பின்னர் அது விஸ்தரிக்கப்பட்டபோது அக்கர்பட்டி, போஃபரண் என்னும் இரண்டு கடலோரக் கிராமங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சூர்யா நதியின் அணைக்காக ஆதிவாசிகள் இடம்பெயர்ந்தார்கள். அந்த நீரில் பெரும்பங்கு வசாய்-விரார், மீரா-பயந்தர் முதலிய நகரங்களின் குழாய்களுக்குச் செல்கிறது. அதன்பின் சரக்கு ரயில்களுக்கான தனிப்பாதை வந்தது. டில்லி-மும்பை விரைவுச்சாலை வந்தது. 2024 ஆகஸ்டில் வாத்வண் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் வந்த அதிகாரி புதியவர். வந்த இலாகா புதியது. கேட்கப்பட்ட தியாகம் மட்டும் அதே ஜனங்களிடமிருந்து. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே எடுத்து, இதற்காக ஒரு குறுகிய பட்டை நிலத்தைத் தானே கேட்கிறோம் என்று வாதிடுகிறவர்கள், அப்பட்டைகள் ஒரே கிராமத்தின் மீது குறுக்கும் நெடுக்குமாக விழுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் "குறுகிய பட்டை" வாதத்தைச் சற்று விரிவாகவே ஆராயலாம். பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல் எழுப்பப்படுவதால் 17.5 மீட்டர் அகலமே தேவை என்று சொல்லப்படுகிறது. ரயில் ஓடத் தொடங்கிய பிற்பாடு அது உண்மையாக இருக்கலாம். கட்டும் காலத்தில் அப்படியில்லை. தூண்களின் மேல் ஏற்றப்படும் பெட்டி வடிவத் தூலம் ஒவ்வொன்றும் 40 மீட்டர் நீளமும் 970 டன் எடையும் உள்ளது. அதைப் பொதுச்சாலையில் கொண்டுவர இயலாது. ஆகவே பாதையை ஒட்டியே பரந்த வார்ப்புத் தளங்களை அமைத்து, அங்கே வார்த்து, அதற்கென்றே செய்யப்பட்ட ராட்சச வாகனத்தின் மேல் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அத்தளங்களுக்கும், அவற்றிலிருந்து தூணுக்குத் தூண் செல்லும் கனத்த பாதைகளுக்கும், மண் கொட்டும் இடங்களுக்கும், தொழிலாளர் விடுதிகளுக்கும் தற்காலிகக் குத்தகையில் எடுக்கப்படுவது விளைநிலமே. குத்தகை முடிந்து நிலம் திரும்பி வரும்போது, மேல்மண் முன்னதாகவே வழித்தெடுக்கப்பட்டுத் தனியே குவித்துப் பாதுகாக்கப்பட்டிராவிட்டால், பல ஆண்டுகள் கனரக வண்டிகள் ஓடி இறுகிய தரைதான் உழவனுக்குக் கிடைக்கிறது. ஓடைக்கும் வயலுக்கும் உள்ள சம்பந்தம், வீட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள வழி, மாடு மேய்ப்பதற்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஆகிய யாவும் அளவைப் படத்தில் தென்படாதவை. வானிலிருந்து ஒளிக்கதிர் வீசி நிலத்தின் ஏற்ற இறக்கத்தை மிகத் துல்லியமாக அளக்கும் நவீன முறையால் இந்தப் பாதை அளக்கப்பட்டது. அதைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் மழைக்காலத்தில் எந்தக் கரையை மீறித் தண்ணீர் வரும் என்பதை அறிந்தவன் அந்த வயலின் சொந்தக்காரனே. அளவுக்கல் நாட்டுவதற்கு முன் அவனிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை ஆயத்தம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நஷ்டஈட்டைப் பற்றியும் சில வார்த்தைகள். 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பின் நான்கு மடங்குவரை கிடைக்கிறதே, அப்புறம் என்ன ஆட்சேபம் என்று கேட்கிறார்கள். எந்த மதிப்பின் நான்கு மடங்கு என்பதே கேள்வி. பத்திரப் பதிவில் காணும் விலை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பதை நம் தேசத்தில் நிலம் வாங்கி விற்ற ஒவ்வொருவரும் அறிவர். ஆதிவாசிப் பிரதேசங்களிலோ, ஆதிவாசியின் நிலத்தைப் பிறர் வாங்கச் சட்டம் எளிதில் இடங்கொடாமையால், விற்பனையே அபூர்வம். விற்பனை அபூர்வமான இடத்தில் பதிவான மதிப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், நம் ஊர்ச் சிட்டா அடங்கலுக்கு நிகராக அங்கே "சாத்-பாரா" என்று வழங்கும் கிராமக் கணக்கில் எவன் பெயர் இருக்கிறதோ அவனுக்கே பணம் போகும். மூன்று தலைமுறையாக உழுதும் பெயர் ஏறாதவன், இறந்துபோன பாட்டன் பெயரிலேயே கணக்கை விட்டுவைத்த பங்காளிகள், பிறர் தோப்பில் காய் பறித்துக் கூலி வாங்கும் பெண்கள் ஆகியோர் அந்தக் கணக்கின் எந்த வரியிலும் இல்லை. நில ஆவணங்களை முதலில் செம்மைப்படுத்தி, உரியவர் பெயரை ஏற்றி, பிறகு விலை பேசியிருந்தால், தகராறுகளில் கணிசமான பகுதி தோன்றியே இராது என்பது என் திடமான எண்ணம்.

குஜராத்தில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2013 சட்டம் வகுத்த சமூகத் தாக்க ஆய்வை, பொதுநலத் திட்டங்களுக்குத் தேவையில்லை என்று விலக்கிவைக்க வழிசெய்யும் திருத்தத்தை அந்த ராஜ்யம் 2016-இல் கொண்டுவந்தது. யாருடைய வாழ்க்கை எவ்விதம் பாதிக்கப்படும் என்று ஊரில் உட்கார்ந்து கேட்டறியும் அந்த ஆய்வுதான், வேலை தொடங்குமுன் உழவனும் அதிகாரியும் முகம் பார்த்துப் பேசும் முதற் சந்தர்ப்பம். கதவு அங்கே சாத்தப்பட்டதால், சூரத் முதலிய ஜில்லாக்களின் விவசாயிகள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். கடன் கொடுக்கும் ஜப்பானிய நிறுவனத்திடமும் முறையிட்டார்கள். 2019 செப்டம்பரில் மனுக்கள் தள்ளுபடியாயின. சர்க்கார் வழக்கில் வென்றது உண்மை. ஆனால் ஊர்ச் சாவடியில் நடந்திருக்கவேண்டிய சம்பாஷணை நீதிமன்றத்தில் வாதப் பிரதிவாதமாக நடந்ததில் காலம் மிச்சமாயிற்று என்று எவரும் சொல்ல முடியாது.

ஜப்பானின் உதாரணத்துக்கு வருவோம். அதைக் காட்டி நம்மை வெட்கப்படுத்துகிறவர்கள் பாதிக் கதையையே சொல்கிறார்கள். டோக்கியோவுக்கும் ஓஸாகாவுக்கும் இடையிலான பாதையின் வேலை 1959 ஏப்ரலில் தொடங்கி, 1964 அக்டோபர் 1-ஆம் தேதி ரயில் ஓடியது வாஸ்தவம். ஆனால் அந்தப் பாதைக்கான யோசனை யுத்தகாலத்திலேயே, 1940-இல், அங்கீகாரம் பெற்றிருந்தது. நிலத்தில் ஒரு பகுதி அப்போதே, எதிர்த்துப் பேச முடியாத ராணுவ ஆட்சிக் காலத்தில், எடுக்கப்பட்டாகிவிட்டது. நிஹோன்ஸாகா சுரங்கம் 1944-இலேயே முடிந்திருந்தது. புதிய தன்னா சுரங்கமும் அக்காலத்தில் தோண்டத் தொடங்கியதே. ஐந்தாண்டு என்னும் கணக்கின் அடியில் இருபதாண்டு ஆயத்தம் இருக்கிறது. அப்படியிருந்தும் செலவு ஏறத்தாழ இரு மடங்காகி, ஜப்பானிய தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி ஸோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிடேயோ ஷிமாவும் 1963-இல் பதவி விலக நேர்ந்தது. பாதை திறந்த பத்தாண்டுக்குப் பின், இரைச்சலும் அதிர்வும் தாங்காமல் நகோயா நகரவாசிகள் 1974-இல் வழக்குத் தொடுத்தார்கள். அது சமரசமாக முடிய 1986 வரை ஆயிற்று. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1975-இல், குடியிருப்புகளில் 70 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்னும் இரைச்சல் வரம்பு விதிக்கப்பட்டது. ஜப்பானியர் பின்னர் பாதை ஓரங்களில் எழுப்பிய ஒலித்தடுப்புச் சுவர்களும், வண்டியின் மூக்கை நீட்டி மெலியச் செய்த நுட்பங்களும் இத்தகைய ஆட்சேபங்களோடு சம்பந்தமற்றவை அல்ல.

அதே தேசத்தில் கேளாமற் செய்ததன் பலனையும் காணலாம். நரிதா விமான நிலையத்துக்கான இடத்தை 1966-இல் அங்குள்ள விவசாயிகளைக் கலக்காமலே மந்திரிசபை முடிவு செய்தது. அதன் விளைவாக மூண்ட போராட்டத்தில் போலீஸாரும் கிளர்ச்சிக்காரரும் உயிரிழந்தனர்; நிலையம் 1978-இல்தான் திறந்தது; 1995-இல் பிரதமர் முராயாமா கிராமத்தாரிடம் மன்னிப்புக் கோர வேண்டியதாயிற்று. அந்நிலையத்துக்கென்று 1974-இல் வேலை தொடங்கிய தனி அதிவேக ரயில்பாதை, நிலத்தகராறு முதலிய காரணங்களால் நின்று, கடைசியில் கைவிடப்பட்டே போயிற்று. ஜப்பானைப் பின்பற்றச் சொல்கிறவர்கள் இந்த அத்தியாயத்தையும் சேர்த்தே பின்பற்றச் சொல்கிறார்களா?

பிரான்ஸில் வேறொரு வழி காண்கிறோம். அங்கே ஒரு பெரும்பாதை விளைநிலங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லுமாயின், துண்டுபட்ட நிலங்களை மறுபடி ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு விவசாயிக்கும் பாதையின் ஒரே பக்கத்தில் உழத்தக்க வடிவில் பங்கிட்டுக் கொடுக்கும் வேலைக்கான செலவைப் பாதை போடுகிறவனே ஏற்கவேண்டும் என்று 1962-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நிலங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துப் பரிவர்த்தனை செய்யத் தனி அமைப்புகளும் உண்டு. நிலத்தை இழந்தவனுக்குப் பணத்துக்குப் பதில் நிலமே கிடைக்கும் இந்த ஏற்பாட்டை நம்மவர் ஏன் ஆராயவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கும் விஷயம். அங்கும் 1990-இல் புரோவான்ஸ் பிரதேசத்து ஜனங்கள் மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்லும் அதிவேக ரயில்பாதையை எதிர்த்து எழுந்தபோது, சர்க்கார் கற்றுக்கொண்ட பாடம், திட்டம் உருவாகும் கட்டத்திலேயே பொதுவிவாதம் நடத்த வேண்டும் என்பது. 1995-இல் அதற்கென்று தேசிய ஆணையமே சட்டத்தால் நிறுவப்பட்டது. அந்த மத்தியதரைப் பாதை 2001-இல் ஓடத் தொடங்கிவிட்டது.

உடனே இங்கிலாந்தைக் காட்டுவார்கள். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு 225 கிலோமீட்டர் போடுவதற்கு ஆயிரக்கணக்கான மனுக்களைப் பார்லிமெண்ட் கமிட்டி கேட்டது, அரிய வௌவால்களைக் காப்பதற்காகப் பாதைக்கு மேல் பத்துக் கோடி பவுனுக்கு அதிகமான செலவில் கூடாரம் கட்டினார்கள், அதனாலேயே செலவு மலையாய் உயர்ந்தது என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் கூடாரம் சிக்கனமானதென்று நான் வாதிக்கப்போவதில்லை. ஆனால் பல்லாயிரம் கோடி பவுன் திட்டத்தில் பத்துக் கோடி எத்தனையில் ஒரு பங்கு? சட்டம் 2017 பிப்ரவரியில் நிறைவேறி, மனுக்களின் கட்டம் அத்துடன் முடிந்தது. செலவு பெருகியதன் காரணங்களை ஆராய்ந்து 2025 ஜூனில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வெளியிட்ட அறிக்கை சுட்டுவது, வடிவமைப்பு முதிர்ச்சி அடையுமுன்னரே கட்டடவேலையைத் தொடங்கிய அவசரத்தை. ஆயத்தம் மிகுந்ததால் வந்த நஷ்டமென்று நமக்குச் சொல்லப்படுவது, ஆயத்தம் குறைந்ததால் வந்த நஷ்டமாகவே அங்கே முடிகிறது.

ஆட்சேபம் காரியத்தைக் கெடுக்கும் என்பதற்கு மாறாக, காரியத்தைத் திருத்தியதற்கு நம் பாதையிலேயே சான்று உண்டு. இப்பாதைக்காக 53,000-க்கும் மேற்பட்ட கண்டல் மரங்கள் வெட்டப்படும் என்று முதலில் கணக்கிடப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின், தாணே நிலையத்தின் வடிவமைப்பை மாற்றி, 2019-இல் அந்தத் தொகை சுமார் 32,000-ஆகக் குறைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தபோது அது ஏறத்தாழ 20,000-க்கு இறங்கியிருந்தது. பொறியாளர்களின் திறமை முன்னும் பின்னும் ஒன்றுதான். ஆட்சேபித்தவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் முப்பதினாயிரம் மரங்கள் அநாவசியமாக வீழ்ந்திருக்கும் என்பதை, ஆட்சேபத்தை இகழ்கிறவர்கள் எங்ஙனம் மறுப்பார்கள்?

தேசத்தின் பொதுநன்மைக்காகச் சிலர் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்னும் இறுதி வாதம் ஒன்று எஞ்சுகிறது. பொதுநன்மைக்கு நிலம் எடுக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தியாகம் என்பது கொடுப்பவன் அறிந்து மனமுவந்து கொடுப்பதே. போலீஸ் காவலோடு வந்து அளவுக்கல் நாட்டிவிட்டுப் போனபின், அதற்கு அப்பெயர் சூட்டுவது பொருந்தாது. பன்னிரண்டு நிலையங்களில் பால்கர் ஜில்லாவுக்குக் கிடைத்தவை விராரும் போய்சரும் மட்டுமே. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்குமேல் பறந்து செல்லும் வண்டியில் ஏறும் வசதி, தலாசரியின் கூலிக்காரனுக்கு அண்மையில் வாய்க்கப்போவதில்லை. அவனிடம் கேட்கிறோம் என்ற நினைவாவது நமக்கு இருக்கவேண்டும்.

சென்னை, பெங்களூரு, மைசூரு நகரங்களை இணைக்கும் அதிவேகப் பாதையும் ஆய்வுக்குரிய தடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளதால், இது தூரத்து ஊர்க்காரர் விவகாரம் என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிடுவதற்கில்லை. நாளை நம் வட மாவட்டங்களின் ஏரிப்பாசன வயல்களில் அளவுக்கல் வந்து இறங்கக்கூடும். அதற்குமுன் கிராம சபை கூட்டப்பட வேண்டும். தடத்தின் வரைபடம் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். பட்டா மாறுதல்கள் ஊர் ஊராக முடிக்கப்பட வேண்டும். ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால்கள் ஒவ்வொன்றும் ஊரார் முன்னிலையில் குறிக்கப்பட வேண்டும். நிலத்துக்கு நிலம் கொடுக்க இயலுமா என்று பார்க்கப்பட வேண்டும். சர்க்கார் இவற்றைத் தானாகச் செய்யாவிடில், கேட்டுப் பெறவேண்டிய கடமை நகரத்தில் இருந்துகொண்டு அந்த ரயிலில் பிரயாணம் செய்யக் காத்திருக்கும் நம்மைச் சார்ந்தது. அந்தக் கோரிக்கையைக் கிராமத்தார்மீது மட்டும் சுமத்திவிட்டுப் பிறகு அவர்களையே குற்றம் சொல்லாதிருக்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.